ரிப்பேர் வேலை நெறைய இருக்குற பழைய வீட்டுக்கு எவ்வளவு குறைச்சுக் கேக்கலாம்?

கேட்டவர் சொல்றது இதான், தென்காசிப் பக்கம் ஒரு பழைய ஓட்டு வீடு விலைக்கு வருது, வேலை நெறைய கெடக்கு, சொல்ற விலைல எவ்வளவு குறைக்கலாம், ரொம்பக் குறைச்சுக் கேட்டா வீட்டுக்காரங்க கோவிச்சுக்குவாங்களோன்னு பயமா இருக்கு.

கோவிச்சுக்குவாங்க. எங்கிட்ட கோவிச்சுக்கிட்டு ஒன்றரை மாசம் பேசல. அப்புறம் அவங்களேதான் கூப்பிட்டாங்க.

நான் 2023ல செங்கோட்டைல அஞ்சரை செண்டுல ஒரு ஓட்டு வீடு வாங்கினேன். சொன்ன விலை 38 லட்சம், முடிச்சது 31.25. இதுல என் சாமர்த்தியம் பாதிதான், மீதி சாரல் பண்ணின வேலை.

மொத தடவை பாக்கப் போனது பங்குனில. சுள்ளுனு வெயில், சுவரெல்லாம் புதுசா வெள்ளையடிச்சு பளிச்னு இருந்துச்சு, புரோக்கர் வேற "கேரளா பார்ட்டி ஒண்ணு வந்து பாத்துட்டுப் போயிருக்கு சார், 40க்குக் கூட எடுப்பாங்க"ன்னு காதுல ஓதிக்கிட்டே வர்றார். (இந்த கேரளா பார்ட்டிய புளியரை செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் யாரும் கண்ணால பாத்ததில்ல, ஆனா எல்லா வீட்டையும் பாத்துட்டுப் போயிருப்பார்.) அன்னைக்கே அட்வான்ஸ் குடுக்குற நெலமைலதான் இருந்தேன். என் வீட்டுக்காரி தான் "ஆனி பொறக்கட்டும், அப்புறம் பாப்போம்"னு தடுத்தா.

ஆனில சாரல் புடிச்ச ஒரு நாள் சொல்லாம கொள்ளாம போய் நின்னோம். மச்சுக்குப் போற ஏணி பக்கத்துல ஒரு எவர்சில்வர் குண்டா, அடுக்களைல ஒரு பிளாஸ்டிக் வாளி, நடுக்கூடத்துல பழைய சாக்க மடிச்சுப் போட்டு அதுமேல ஒரு தட்டு, மூணுலயும் வேற வேற தாளத்துல தண்ணி சொட்டுது. வீட்டுக்கார அண்ணாச்சியோட அக்கா, வயசான அம்மா, குண்டாத் தண்ணிய முத்தத்துல கொட்டிட்டு "இது எப்பவும் உள்ளதுதான் தம்பி, ஆவணி வந்தா நின்னுரும்"னு சர்வசாதாரணமா சொன்னாங்க. அண்ணாச்சி மொகத்தப் பாக்கணுமே. புதுசா வெள்ளையடிச்ச சுவர்ல தரைல இருந்து மூணடி உயரத்துக்கு ஓதம் ஏறி உப்பு பூத்துக் கெடந்துச்சு. அந்த மூணடிய மட்டும் சமீபத்துல சிமெண்ட் வச்சுப் பூசியிருக்காங்க. பழைய சுண்ணாம்புச் சுவர் ஈரத்த குடிக்கும், வெளிய விடும், மேல சிமெண்ட் பூசினா ஈரம் உள்ளேயே நின்னு பூச்சையே தள்ளிவிட்டுரும். மறைக்கணும்னு பண்ணினதே காட்டிக் குடுத்துருச்சு.

அதனால நீங்க இன்னும் அட்வான்ஸ் குடுக்கலைனா மழைல ஒரு தடவை போய்ப் பாத்துட்டு விலை பேசுங்க. நம்ம பக்கம் தென்மேற்குச் சாரலும் அடிக்கும், ஐப்பசி கார்த்திகை மழையும் அடிக்கும், அதனால ரொம்ப நாள் காத்திருக்க வேண்டாம்.

அடுத்த தடவை போறப்ப ஒரு ஆசாரியக் கூட்டிட்டுப் போனேன், ஒரு நாள் கூலி குடுத்து. இஞ்சினியர் வேண்டாம்னு சொல்லல, ஆனா ஓட்டு வீட்டுக்கு ஆசாரி கண்ணுதான். அவர் மொதல்ல ஓடுகளப் பாக்கவே இல்ல, நேரா ஏணி போட்டு ஏறி உத்தரம் (கூரையத் தாங்குற பெரிய கட்டை) சுவருக்குள்ள போற எடத்துல ஸ்குரூ டிரைவர வச்சு அமுக்கினார். நடுவுல கல்லு மாதிரி இருக்குற மரம் அந்த முனைல அவிச்ச மரச்சீனிக் கிழங்குல ஈர்க்குச்சி எறங்குற மாதிரி எறங்குச்சு. மூணு உத்தரம் அப்படி. ஓடு மாட்டுற ரீப்பர் கட்டை பூரா செதல். "ஓட்டுல பாதி திரும்ப மாட்டலாம், மரந்தான் செலவு"ன்னார்.

இப்ப கணக்குக்கு வருவோம். "இவ்வளவு சதவீதம் குறை"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. நான் போட்டது இப்படி: அந்தத் தெருவுல வெறும் மனை செண்டு 5 லட்சம் போய்க்கிட்டிருந்துச்சு, அப்ப மண்ணுக்கு மட்டும் 27.5. சொன்ன 38ல மீதி பத்தரை லட்சம்தான் கட்டடத்துக்கு. கூரை 4.60, ஒயரிங் 1.10, பாத்ரூம் செப்டிக் டேங்க் 1.75, சுவர்ல சிமெண்ட உரிச்சு சுண்ணாம்புப் பூச்சு 90 ஆயிரம், மொத்தம் 8.35. பழைய வீட்டப் பிரிச்சா உள்ள இன்னும் என்னமாவது இருக்கும்னு 20 சதவீதம் சேத்தா கிட்டத்தட்ட பத்து. ஆக கட்டடத்துக்கு அவங்க கேக்குற பணம் பூரா அதுலயே போயிருது. 28னு கேட்டேன்.

அண்ணாச்சி எந்திரிச்சே போயிட்டார். "இது ஆரியங்காவு காட்டு மரம் தம்பி, இப்ப தேடினாலும் கெடைக்காதுல்லா, வாசக்கதவு மட்டுமே ரெண்டு லட்சம் போவும்"னார். அது பொய் இல்ல, பழைய தேக்குக் கதவு தூண் எல்லாம் கேரளாவுல நல்ல விலைக்குத்தான் போவுது. நான் செஞ்ச தப்பு என்னன்னா, அவங்க அக்கா முன்னாடியே "மரமெல்லாம் உளுத்துப் போச்சு"ன்னுட்டேன். பொறந்து வளந்த வீட்ட அப்படிச் சொன்னா யாருக்குத்தான் பொறுக்கும். ஆசாரி எழுதிக் குடுத்த சீட்ட மட்டும் குடுத்துட்டு வாய மூடிக்கிட்டு வந்திருந்தா அந்த ஒன்றரை மாசம் மிச்சமாயிருக்கும்.

இன்னொண்ணு, பத்திரம். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர் (கடைசில திருவிதாங்கூர்-கொச்சி), பிற்பாடுதான் தமிழ்நாட்டோட சேந்தது. அதனால தாய்ப் பத்திரம் மலையாளத்துல இருந்தா மலைக்க வேண்டாம். எங்களுக்கு வந்தது மலையாளக் கணக்குல கொல்லம் ஆண்டு 1112ல எழுதின பாகப்பிரிவினை, அதாவது 1936-37. புனலூர்ல தெரிஞ்ச ஒருத்தர வச்சு வரி வரியா படிச்சுப் பாத்தா, கொல்லைக் கிணத்துல பக்கத்து வீட்டுக்கும் பாதி உரிமை, தண்ணி எடுக்க நம்ம முத்தம் வழியா பாதையும் உண்டுன்னு இருக்கு! புரோக்கர் வாயே தெறக்கல. ரொம்பப் பழைய வில்லங்கச் சான்று ஆன்லைன்ல வராது, சார்பதிவாளர் ஆபீஸ்ல மனு போட்டுத்தான் எடுக்கணும், எடுங்க. உளுத்த மரத்த விட அந்தக் கிணறுதான் விலையக் கொறச்சுது, ஏன்னா மரம்னா சண்டை போடலாம், பத்திரத்துல இருக்குறத எப்படி இல்லைங்கறது.

கடைசில அவங்களே கூப்பிட்டு 34னாங்க, நான் 30, 32க்கு எறங்கினாங்க. கூடத்துல வெங்கலச் சங்கிலி ஊஞ்சல் ஒண்ணு கெடந்துச்சு, அக்கா அதையே பாத்துக்கிட்டிருந்தாங்க. "ஊஞ்சல நீங்களே எடுத்துக்கிடுங்கம்மா, 31.25ன்னு வச்சுக்கிடுவோம்"னேன். அண்ணாச்சி ஏதோ சொல்ல வாயெடுத்தார், அக்கா "சரி தம்பி"ன்னுட்டாங்க. அவ்வளவுதான்.

விலை முடிஞ்சதும் சந்தோசத்துல பணக்கணக்க மறந்துராதீங்க. பேங்க் நீங்க பேசின விலைக்கு லோன் தராது, அவங்க வேல்யூயர் போடுற மதிப்புக்குத்தான், பழைய கட்டடம்னா தேய்மானம் கழிப்பாங்க. எனக்கு 21 லட்சம்தான் வந்துச்சு. முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2, சேத்து 2.81 லட்சம், அதுவும் கைக்காசு. ரிப்பேர் நான் போட்ட பத்துல நிக்கல, 11.70 ஆச்சு. விலைல லோன் போக மீதியும் சேத்து மொத்தம் 24.76 லட்சம் கையில இருந்து போச்சு. சொல்ற விலையக் குறைக்கறதுக்கு இதுதான் நேர்மையான காரணம், அவங்ககிட்டயும் இப்படியே சொல்லலாம்.

அப்புறம் அட்வான்ஸ ரொக்கமா குடுக்காதீங்க, இடம் விஷயத்துல 20,000மோ அதுக்கு மேலயோ ரொக்கம் வாங்கினா வாங்கினவருக்கு அதே அளவு அபராதம் வருமான வரில இருக்கு, அதச் சொன்னாலே அவங்க பேங்க் வழியா வாங்கிக்குவாங்க. அக்ரிமெண்ட பதிவு பண்ணுங்க, கூடப் பொறந்த பொம்பளைப் பிள்ளைங்க எல்லாரும் கையெழுத்துக்கு வரணும்னும் கிணத்து விஷயத்தையும் அதுலயே எழுதிருங்க.

அண்ணாச்சி இப்பவும் ஆடி மாசம் குத்தாலத்துக்கு குளிக்க வந்தா வீட்டுப் பக்கம் எட்டிப் பாப்பார். போன தடவை வந்தப்ப மேல பாத்துக்கிட்டே "ஒழுகுதா தம்பி?"ன்னார். ஏணி பக்கத்துல மட்டும் ஒரு சொட்டு விழுது, எங்க இருந்து வருதுன்னு ஆசாரிக்கே புடிபடல. பழைய குண்டா வச்ச அதே எடம். அவருக்கு ஒரே சிரிப்பு.