குட்டியானையில் போனால் இன்சூரன்ஸ் வருமா?

கேள்வி: என் மனைவியும் எங்கள் தெருப் பெண்களும் ராயக்கோட்டைப் பக்கம் தக்காளி பறிக்கக் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டியில் போய் வருகிறார்கள். பின்னால் இருபது பேர் நின்றுகொண்டே பயணம். போகாதே என்றால், "கூலியை நீ தருவியா?" என்கிறாள். ஏதாவது ஆகிவிட்டால் வண்டி இன்சூரன்ஸில் பணம் கிடைக்குமா?
– மு.ச., பாலக்கோடு

பதில்: போகாதே என்று நானும் சொல்லப்போவதில்லை. டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, சரி. விடியுமுன் அந்தத் தோட்டத்துக்குப் போகிற பஸ் எங்கே இருக்கிறது?

பணம் பெரும்பாலும் கிடைக்காது. சரக்கு வண்டியின் பாலிசி, சரக்கோடு வரும் சொந்தக்காரரையோ அவர் அனுப்பிய ஆளையோ காக்கும். தொற்றிக்கொண்டு போகிறவர்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை என்று 2002-லேயே ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விபத்து வழக்குகளை நடத்துகிறவன் நான். காயம்பட்ட பெண் கூண்டில் ஏறியதும் கம்பெனி வக்கீல் அதிகம் மெனக்கெடமாட்டார். "வண்டியில எங்கம்மா இருந்தீங்க?" "பின்னாடி தொட்டியில சார்." அவ்வளவுதான், உட்கார்ந்துவிடுவார்.

கம்பெனி முதலில் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று சில வழக்குகளில் உத்தரவாவதுண்டு. அதை நம்பி வண்டி ஏற முடியாது. எதிரே வந்த லாரி மீது தப்பு என்றால் அந்த லாரியின் இன்சூரன்ஸில் கேட்கலாம். மற்றபடி எல்லாம் குட்டியானைக்காரர் தலையில்தான் விடியும். அவரே மாதத் தவணை கட்டத் திணறுகிறவராக இருப்பார். தீர்ப்பு நகலை வைத்துக்கொண்டு அவரிடம் என்னத்தை வாங்குவது? கூடவே ஒரு கூடை தக்காளியை ஏற்றி, எல்லாரும் சரக்கின் சொந்தக்காரர்கள் என்று சொல்லிவிடலாம் என்று யோசனை சொல்வார்கள். இருபது பேருக்கு ஒரு கூடையா என்று நீதிபதி கேட்பார்.

அந்த வண்டி முக்கால் டன் சரக்குக்குச் செய்தது. இருபது பேர் ஏறினால் ஒரு டன் ஆகிவிடும். அதுவும் மூட்டைபோல் கிடக்கிற எடை இல்லை; வளைவில் ஒருவர் சாய்ந்தால் அத்தனை பேரும் அந்தப் பக்கமே சாய்வார்கள்.

மேஸ்திரியிடம் பேசுங்கள். பயணிகள் வேன் பிடிக்கட்டும், வாடகையில் பாதியைத் தோட்டக்காரர் ஏற்கட்டும். பழுத்த தக்காளி செடியில் காத்திருக்காது; பறிப்பு நேரத்தில் ஆளுக்குத் திண்டாடுகிறவர் அவர்தான். கேட்க இதைவிட நல்ல சமயம் வராது. ஆள் ஏற்றினால் டிரைவரின் லைசென்ஸை நிறுத்திவைக்கச் சட்டத்தில் இடமுண்டு என்பதையும் காதில் போட்டுவையுங்கள்.

இன்னொன்று, இந்த வாரமே செய்யவேண்டியது. வங்கிக் கணக்கிருக்கிற ஒவ்வொரு பெண்ணையும் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் சேர்த்துவிடுங்கள். 18 முதல் 70 வயதுவரை சேரலாம். வருடத்துக்கு 20 ரூபாய், கணக்கிலிருந்தே எடுத்துக்கொள்வார்கள். விபத்தில் உயிர் போனால் 2 லட்சம், ஒரு கையோ காலோ போனால் 1 லட்சம். எந்த வண்டியில் போனாலும் இந்தத் தொகை மாறாது.

கேள்வி: சென்ட்ரிங் வேலை முடிந்து இரவு சைக்கிளில் வந்த என் தம்பியை ஏதோ கார் இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. கால் எலும்பு முறிவு. வண்டி எண் தெரியவில்லை.
– ப.ரா., அரூர்

பதில்: எண் தெரியாவிட்டாலும் வழியுண்டு. 1.4.2022-க்குப் பின் நடந்த இத்தகைய விபத்துகளில் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய், உயிரிழப்புக்கு 2 லட்சம். எலும்பு முறிவு கொடுங்காயம்தான். முதல் தகவல் அறிக்கை, மருத்துவமனைக் காகிதங்களோடு தாலுகா அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குத் தனியார் மருத்துவமனையில் பணம் கட்டினீர்களா? விபத்தில் சிக்கியவரின் அந்த 48 மணி நேரச் செலவை அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனை என்றால் அங்கே போய் விசாரியுங்கள். பிறகு கார் அகப்பட்டால் தீர்ப்பாயத்தில் முழு இழப்பீடு கேட்கலாம். இந்த 50,000-ஐ அப்போது கழித்துக்கொள்வார்கள்.