தஞ்சாவூர் ஓவியத்துக்கு விலை சொல்லப் பயமா? – பதில்

வணக்கம் சகோதரி. ஆறு வருடமாகத் தஞ்சாவூர் ஓவியம் போடுகிறேன், விலை கேட்டால் மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது, சாமான் காசுக்கே கொடுத்துவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். முதல் கிருஷ்ணரை உறவினர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, அப்புறம் தங்கத் தாள் பில்லைப் பார்த்தால், கைக்காசு போட்டுப் படம் கொடுத்திருக்கிறேன்!

பயம் போகட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஒரு நோட்டுப் போடுங்கள். பலகை, துணி, சுக்கான் பொடி, கோந்து, ஜெய்ப்பூர் கல், 22 காரட் தங்கத் தாள், சட்டம் எல்லாம் ஒரு பக்கம். எதிர்ப்பக்கம் மணிக்கணக்கு. மக்கு, அதாவது சுக்கான் பொடியும் கோந்தும் குழைத்த பசை, காயும் நேரத்தை விடுங்கள். கல் பதிப்பது, தாள் வெட்டி ஒட்டுவது, கடைசியில் கண் எழுதுவது எல்லாமே கூலிதான். கூட்டி வரும் விலையைச் சின்ன அட்டையில் எழுதிப் படத்தின் ஓரத்தில் செருகிவிடுங்கள். யாராவது கேட்டால் அட்டையைக் காட்டினால் போதும். எனக்குக் கூச்சம் விட்டது இப்படித்தான்.

பெரிய படத்தில் தொடங்க வேண்டாம். 6க்கு 8 அங்குலத்தில் பிள்ளையார், லட்சுமி என நாலைந்து போட்டு, நவராத்திரிக்கு முன்பே காட்டுங்கள். ஆர்டர் என்றால் பாதி முன்பணம் வாங்காமல் பலகையைத் தொடாதீர்கள். சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம்; காசு கேட்கும் தளம் என்றால் உடனே வெளியே வந்துவிடுங்கள்.

இலவசமாகக் கேட்கும் அத்தைக்கு? "படம் இந்த விலை அத்தை, உங்களுக்காகச் சட்டம் மட்டும் என் செலவு" என்று சொல்லிப் பாருங்கள்.