சிறுநீரகக் கட்டி: அறுவைக்கு முன் எந்த ஸ்கேனுக்குப் பணம் கட்டலாம்?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. அல்ட்ராசவுண்டில் இடது சிறுநீரகத்தில் 6.2 செ.மீ. கட்டி தெரிந்தது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் 1.1. புற்றுநோயாக இருக்கலாம், சி.டி. எடுத்துவிட்டு அறுவைக்குத் தேதி குறிக்கலாம் என்கிறார் யூராலஜிஸ்ட். பெட் ஸ்கேன் எடுத்தால் உடம்பு முழுக்கத் தெரிந்துவிடும் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். ஒரு ஸ்கேன் மையம் பெட், போன் ஸ்கேன், எம்.ஆர்.ஐ. மூன்றையும் சேர்த்து பேக்கேஜ் தருகிறது. காப்பீட்டுத் தொகை அறுவைக்கே சரியாகிவிடும். அவசரச் சேமிப்பை எடுத்து இதற்குப் போடலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் டாக்டர் கேட்ட சி.டி.யை மட்டும் எடுங்கள். ஆனால் அதில் ஒரு காசும் மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள்.

முதலில் பெட். அதில் ஏற்றுவது கதிரியக்கம் சேர்த்த சர்க்கரை. அது சிறுநீர் வழியாகத்தான் வெளியேறும் என்பதால் சிறுநீரகம் எப்படியும் பளிச்சென்று தெரியும். அந்த வெளிச்சத்தில் கட்டி மறைந்துபோகலாம். போதாக்குறைக்கு, சிறுநீரகப் புற்றுநோய்களில் பல இந்தச் சர்க்கரையை அதிகம் இழுப்பதில்லை. அதனால்தான் இந்த நோய்க்கு அறுவைக்கு முன் வழக்கமாக பெட் எடுப்பதில்லை. இன்னொன்றையும் பாருங்கள்: பெட்டோடு சேர்த்து எடுக்கும் சி.டி. பெரும்பாலும் கான்ட்ராஸ்ட் ஊசி (ரத்த ஓட்டத்தைப் படத்தில் எடுத்துக்காட்டும் மருந்து) போடாமல் குறைந்த கதிர்வீச்சில் எடுப்பது. அதை வைத்து சர்ஜன் கத்தி எடுக்க மாட்டார். சி.டி.யைவிடப் பல மடங்கு கட்டணம் கொடுத்துவிட்டு, மறுபடி சி.டி.க்கும் கட்டுவீர்கள்.

போன் ஸ்கேனும் அப்படித்தான். எலும்பு வலியோ, ரத்தத்தில் அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதி உயர்வோ இருந்தால் பேசலாம். மூளை ஸ்கேனுக்கு வலிப்பு, தலைவலி, கைகால் பலவீனம் போன்ற அறிகுறி வேண்டும்.

இனி சி.டி. 'வயிறு சி.டி.' என்று மொட்டையாக எழுதிய சீட்டோடு போனால் பணம் வீணாகும் வாய்ப்பு அதிகம். மையம் ஒரே ஒரு கட்டம் எடுத்து அனுப்பிவிடும். சிறுநீரகக் கட்டிக்குப் பல கட்டங்கள் வேண்டும்: ஊசி போடும் முன் ஒன்று, போட்டு அரை நிமிடத்தில் தமனிகளைக் காட்டும் ஒன்று, ஏறத்தாழ 100 விநாடியில் சிறுநீரகம் முழுக்கச் சீராக நிறம் பிடிக்கும்போது ஒன்று. தேவைப்பட்டால் சில நிமிடம் கழித்துச் சிறுநீர்ப் பாதைக்காகவும் எடுப்பார்கள். முதல் கட்டம் எதற்கு என்றால், சி.டி. கணக்கிடும் கட்டியின் அடர்த்தி எண் ஊசிக்கு முன் 30, பின் 90 என்று வந்தால் ரத்தம் ஓடும் கட்டி என்று அர்த்தம். இரண்டுக்கும் வித்தியாசம் 20-க்கு மேல் இருந்தால் அப்படி எடுத்துக்கொள்வார்கள். 10-க்கும் 20-க்கும் இடையில் இழுபறி. முன் கட்டம் இல்லையென்றால் கழித்துப் பார்க்க எண்ணே இருக்காது. திரும்ப எடுக்க வேண்டியதுதான்.

நெஞ்சையும் அதே தடவையில் எடுக்கச் சொல்லுங்கள். இந்த நோய் அதிகம் பரவுவது நுரையீரலுக்குத்தான்; சிறு முடிச்சுகள் எக்ஸ்ரேயில் தப்பிவிடும். 4 செ.மீ.க்கு உட்பட்ட கட்டிக்குச் சில டாக்டர்கள் எக்ஸ்ரேயே போதும் என்பார்கள். உங்கள் அப்பாவுக்கு அது பொருந்தாது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறாரா, பழைய ஊசி அலர்ஜி உண்டா என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எம்.ஆர்.ஐ.க்கு ஒதுக்கிய பணம் இப்போது கையிலேயே இருக்கட்டும். கான்ட்ராஸ்ட் ஒத்துக்கொள்ளாவிட்டால் அது மாற்று வழி. மற்றபடி அதற்கு வேலை வருவது, கட்டி சிறுநீரகச் சிரை வழியாக, இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் பெருஞ்சிரைக்குள் நாக்குப் போல நீளும்போது. அந்த நுனி கல்லீரலுக்குக் கீழே நிற்கிறதா, உதரவிதானத்தைத் தாண்டிவிட்டதா என்பதில் அறுவையே மாறும்; தாண்டியிருந்தால் இதய அறுவைக் குழு கூட வேண்டியிருக்கும். சி.டி.யில் சிரைக்குள் ஏதேனும் தெரிந்தால், நுனி எங்கே என்று உறுதியாகும் வரை ஆஸ்பத்திரி எஸ்டிமேட்டை நம்பிப் பட்ஜெட் போடாதீர்கள். எம்.ஆர்.ஐ.யை அவசரப்பட்டு முன்னாலேயே எடுப்பதும் நஷ்டம்தான். அந்த நாக்கு வளரும் என்பதால், அறுவைக்கு முந்தைய இரண்டு வாரத்துக்குள் எடுத்த படத்தையே சர்ஜன்கள் விரும்புவார்கள்.

காப்பீட்டு விஷயம். அட்மிஷனுக்கு எத்தனை நாள் முன்புவரை எடுத்த பரிசோதனையை ஏற்பார்கள் என்பது பாலிசியில் இருக்கும். அதைப் பார்த்து, அறுவைத் தேதி ஓரளவு தெரிந்தபின் ஸ்கேனுக்கு நாள் குறியுங்கள். சீட்டில் 'இடது சிறுநீரகக் கட்டி, அறுவைக்கு முன் நிலை அறிய' என்று காரணம் எழுதியிருக்கட்டும். பில்லில் ஒவ்வொரு பரிசோதனையும் தனி வரியாக வர வேண்டும். 'பேக்கேஜ்' என்று மொத்தமாகப் போட்டால் க்ளெய்மில் சிக்கல் வரும். டாக்டர் எழுதித் தராமல் நீங்களாக எடுக்கும் பெட்டுக்குப் பணம் திரும்பும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

ஃபிலிமோடு வந்துவிடாமல், முழுப் படங்களையும் டைகாம் (ஸ்கேன் படங்களுக்கான கணினிக் கோப்பு) வடிவில் குறுந்தட்டிலோ பென் டிரைவிலோ கேட்டு வாங்குங்கள். வேறு ஆஸ்பத்திரியில் இரண்டாம் கருத்துக் கேட்கும்போது மறு ஸ்கேன் செலவு அதில் மிச்சமாகும். ரிப்போர்ட்டில் கட்டியின் அளவு, சிறுநீரகச் சிரை, பெருஞ்சிரை, அட்ரினல் சுரப்பி, நிணநீர் முடிச்சுகள், நுரையீரல், மறுபக்கச் சிறுநீரகம் எல்லாவற்றுக்கும் ஒரு வரியாவது இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். சிரை பற்றிய வரி விட்டுப்போயிருந்தால் புது ஸ்கேனுக்குச் சம்மதிக்காதீர்கள். அதே படங்களைப் பார்த்து ரேடியாலஜிஸ்ட்டே கூடுதல் குறிப்பு எழுதித் தரலாம்.