படத்தில் வெள்ளை மேகம், மாடியில் வெயில்: ஏன்?

வணக்கம் ஆச்சி. இன்சாட் வானிலைச் செயற்கைக்கோள் படத்தில் காரைக்குடிமேல் வெள்ளைவெளேரென்று மேகம் தெரிந்ததால் மாடியில் காயப்போட்ட கூழ்வற்றலை அள்ளிவிட்டீர்கள், கடைசியில் ஒரு சொட்டு மழைகூட இல்லை என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் பார்த்தது அகச்சிவப்புப் படமாக, அதாவது வெப்பத்தை வைத்து எடுக்கும் படமாக இருக்கும். அதில் எது குளிர்ந்திருக்கிறதோ அதுதான் வெள்ளை. உயரத்தில் மெல்லிசாகப் படரும் பனித்துகள் மேகமும் அப்படித்தான் தெரியும், ஆனால் அது மழை தராது. புதுக்கோட்டைப் பக்கம் எழும்பிய இடிமேகத்தின் உச்சி காற்றில் இழுபட்டு உங்கள் ஊர்மேல் பரவினாலும் இதே கதைதான்.

பகலில் விசிபிள் படத்தையும் (சூரிய வெளிச்சத்தில் எடுப்பது) திறந்து பாருங்கள். இடிமேகம் காலிபிளவர் மாதிரி புடைத்திருக்கும்; மெல்லிசு மேகம் என்றால் கீழே தரை மங்கலாகத் தெரியும்.

இந்தச் செயற்கைக்கோள்கள் புயலையும் பருவமழையையும் கடல்மேலேயே பிடிப்பதற்காக ஏவப்பட்டவை. சுமார் 36,000 கி.மீ. உயரத்திலிருந்து எடுக்கும் அகச்சிவப்புப் படத்தில் ஒரு புள்ளியே 4 கி.மீ. அகலம். உங்கள் தெருவை அதில் தேட முடியாது.

வற்றல் போடும் நாளில் காரைக்கால் ரேடார் படத்தைப் பாருங்கள். அது மழைத்துளியில் பட்டுத் திரும்பும் அலையைக் காட்டுவது. தூரம் கொஞ்சம் அதிகம், தாழ்வான சாரல் தப்பிவிடலாம். கோடை இடிமழைக்கு அது போதும்.