பெயர் தெரியாத அந்த ஓவியர் நான்தான்
(ஓவியம் பற்றிய வாசகர் கேள்வி - பதில்)

கேள்வி: மகன், நான் ஓய்வுபெற்ற சித்திர ரீச்சர். 1986இல் எங்கள் மட்டக்களப்புப் பக்கத்து வடமோடிக் கூத்து (பாட்டும் ஆட்டமுமான நாடகவகை) ஒன்றை ஹார்ட்போர்ட்டில் (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) எண்ணெய் வர்ணத்தால் வரைந்தேன். கண்காட்சிக்கு வைக்கிறோம் என்று ஓர் அலுவலகத்தில் வாங்கிக்கொண்டு போனார்கள். 1990 யுத்தப் பிரச்சினைக்குப் பிறகு அந்த அலுவலகமும் இல்லை, படமும் இல்லை. இப்போது லண்டனில் இருக்கிற பெறாமகள் இணையத்தில் விலைக்குப் போட்டிருந்ததைக் கண்டு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். அதே படம்தான். கீழே 'தென்னிந்திய நாட்டுப்புற நடனம், ஓவியர் பெயர் தெரியாது' என்று எழுதி 450 பவுண்ஸ் போட்டிருக்கிறார்கள். இது என்னுடையது என்று எப்படிச் சொல்வது? திருப்பிக் கேட்கலாமா, இல்லை காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டுமா? படத்தை உங்களுக்கும் அனுப்புகிறேன்.
— பெயர் வேண்டாம், பெரிய கல்லாறு

பதில்: ரீச்சர், முதலில் சந்தோஷப்படுங்கள். 1990இல் வீடு வளவோடு விட்டுவிட்டு ஓடியவர்களிடம் இருந்து போனவை எத்தனை, 2004 டிசம்பர் 26இல் கல்லாற்றிலும் நாவலடியிலும் கடல் கொண்டுபோனவை எத்தனை, அதற்குள் எத்தனை ஓவியங்கள் என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. உங்கள் படம் எங்கோ ஈரம் படாத சுவர் ஒன்றில் தொங்கித் தப்பியிருக்கிறது.

உடனே செய்ய வேண்டியது ஒன்று. அந்த விளம்பரத்தைத் திகதி, விலை, விற்பவரின் பெயர், எல்லாப் படங்களும் தெரியும்படி முழுதாகச் சேமித்து வைக்கச் சொல்லுங்கள். விற்றுப்போனால் எடுத்துவிடுவார்கள், பிறகு காட்ட உங்களிடம் ஒன்றும் இராது.

இனி என் அபிப்பிராயத்தை நேராகச் சொல்கிறேன். படத்தைத் திரும்பப் பெறுவதற்கு முன்னால் உங்கள் பெயரை அதில் ஏற்றுங்கள். இன்று 'ஓவியர் பெயர் தெரியாது' என்று விற்றால் வாங்குகிறவரும் அப்படியே சொல்லி விற்பார், அவருக்குப் பிறகு வருகிறவரும் அந்த வரியைத்தான் பிரதி பண்ணுவார், கடைசியில் ஒரு நூதனசாலைச் சுவரில் தொங்கினாலும் கல்லாற்று ரீச்சர் ஒருவர் வரைந்தது என்று யாருக்கும் தெரியவராது. பெயர் ஏறிவிட்டால் அது எந்தக் கைக்குப் போனாலும் தேடிப் பிடிக்கலாம். நைஜீரிய ஓவியர் பென் என்வொன்வு, அவருடைய நாட்டின் உள்நாட்டுப் போர் முடிந்து சில வருடங்களில் இஃபே அரச குடும்பத்துப் பெண் ஒருவரை வரைந்த 'டுட்டு' என்ற ஓவியம் நெடுங்காலம் இருந்த இடமே தெரியாமல் கிடந்து, 2017இல் வட லண்டனில் ஒரு சாதாரண வீட்டில் அகப்பட்டது. 2018இல் 12 இலட்சம் பவுண்ஸுக்கு ஏலம் போனது. வீட்டுக்காரருக்கு அதன் பெறுமதி தெரியாது, ஆனால் அந்த ஓவியரின் பெயரும் காணாமற்போன கதையும் ஏற்கெனவே வெளியே தெரிந்திருந்தபடியால் கண்டவுடன் இன்னது என்று சொல்ல முடிந்தது. என்வொன்வு 1994இலேயே இறந்துவிட்டார், அதைக் காணக் கொடுத்து வைக்கவில்லை. நீங்கள் இருக்கிறீர்கள் ரீச்சர், உங்கள் வாயாலேயே சொல்லலாம்.

சரி, எப்படி நிரூபிப்பது? விற்பவரோடு கதைப்பதற்கு முன்பே, அந்தப் படத்தைப் பற்றி உங்களுக்கு மட்டும் தெரிந்ததை எல்லாம் எழுதுங்கள். ஹார்ட்போர்ட்டுக்கு ஒரு பக்கம் வழுவழுப்பு, மற்றப் பக்கம் வலை அழுத்தியது போன்ற சொரசொரப்பு. எந்தப் பக்கத்தில் வரைந்தீர்கள்? நீள அகலம் எத்தனை அங்குலம், பின்னால் பென்சிலால் ஏதும் எழுதினீர்களா, முதலில் ஒரு மாதிரி வரைந்து பிறகு மூடிய கையோ முகமோ உண்டா, எந்த மூலை உடைந்திருந்தது? இவை விளம்பரப் படத்தில் தெரியாது, ஆகவே நீங்கள் முன்கூட்டியே சொன்னது பின்னால் பொருந்தினால் மறுப்பது கஷ்டம். அதைச் சத்தியக்கடதாசியாக்கி ஒரு சமாதான நீதவானிடம் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள், திகதி இருப்பதுதான் முக்கியம். பழைய மாதிரி வரைபுகள், அந்தப் படம் பின்னால் தெரிகிற குடும்பப் படம், பாடசாலை மலர், உங்களிடம் படித்த பிள்ளைகளின் ஞாபகம், எல்லாவற்றையும் சேருங்கள்.

அதற்குப் பிறகு விற்பவரிடம் பின்பக்கப் படமும், டோர்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து எடுத்த முன்பக்கப் படமும் கேளுங்கள். பக்கத்தால் வெளிச்சம் விழும்போது தூரிகைத் தடமும் பலகையின் வலையும் மூடிவிட்ட பழைய கோடும் மேலெழுந்து தெரியும்.

'தென்னிந்திய நடனம்' என்பதையும் விட்டுவிடக் கூடாது, எனக்கு உங்கள் பெயர் விடுபட்ட அளவுக்கு அதுவும் கவலை. நீங்கள் அனுப்பிய படத்தில் ராசாவுக்குக் கரப்புப்போல விரிந்த கரப்புடுப்பு, பின்னுக்கு மத்தளத்தோடு கூத்தைப் பழக்கி நடத்துகிற அண்ணாவியார், பக்கத்தில் சல்லரி என்ற தாளம் போடுகிறவர், சுற்றிவர வட்டக்களரி என்ற வட்டமான ஆடுகளம். மட்டக்களப்பான் ஒருவருக்கு இதில் சந்தேகமே வராது. கல்லடியில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் கூத்தைப் படித்தவர்கள் இருக்கிறார்கள், இது வடமோடி என்று அவர்களில் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதித் தந்தால் உங்கள் கடிதத்துக்குப் பலம்.

எழுதும்போது களவு என்ற சொல்லை எடுக்காதீர்கள். அவர் ஒரு பழைய சாமான் கடையில் வாங்கியவராக இருக்கலாம். 'நீங்கள் விற்கிற படத்தை 1986இல் வரைந்தவள் நான், இலங்கையின் கல்லாற்றில் இருக்கிறேன், அது மட்டக்களப்பு வடமோடிக் கூத்து, ஆதாரங்கள் இத்துடன், விளம்பரத்தைத் திருத்துங்கள், எப்படி உங்கள் கைக்கு வந்தது என்று சொல்லுங்கள், நாங்கள் கதைத்து முடிக்கும்வரை விற்க வேண்டாம்' — இவ்வளவு போதும். பெறாமகளால் நேரே போய்ப் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. ஓவியர் யாரென்று தெரிந்த படத்துக்கு மதிப்புக் கூடும், ஆகவே விற்பவருக்கும் இதில் நட்டமில்லை.

திருப்பிக் கேட்கலாமா என்றால், கேட்கலாம். கண்காட்சிக்குக் கொடுத்தீர்கள், விற்கவில்லை, அன்பளிப்பும் செய்யவில்லை. படம் இலங்கையில் இருந்தால் ஒல்லாந்தர் காலத்தில் இருந்து வந்த நமது ரோம-ஒல்லாந்தச் சட்டம் சொந்தக்காரர் பக்கம் நன்றாகவே நிற்கும். இங்கிலாந்தில் நிலைமை வேறு. அங்கே 1980ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, களவு போன பொருளானாலும் ஒருவர் நல்லெண்ணத்தோடு வாங்கி ஆறு வருடம் கடந்துவிட்டால் பழைய சொந்தக்காரரின் உரிமை அற்றுப்போகும். இவர் எப்போது, யாரிடம் வாங்கினார் என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது, அதனால்தான் அந்தக் கேள்வியைக் கடிதத்தில் வைக்கச் சொன்னேன். பதில் வந்த பிறகு ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள். ஆனால் 450 பவுண்ஸ் படத்துக்கு லண்டனில் வழக்குப் பேசினால் படத்தைப்போலப் பல மடங்கு செலவாகும். உங்கள் படத்தை நீங்களே காசு கொடுத்து வாங்குவது மனசுக்கு எவ்வளவு வலிக்கும் என்று தெரியும். அப்படியிருந்தும், விலையைக் குறைத்துக் கேட்டு, கல்லாற்றுப் பிள்ளைகள் லண்டனில் இருப்பார்களே, அவர்களும் தோள்கொடுத்தால் வாங்குவதே கெதியான வழி என்று நினைக்கிறேன். ஹார்ட்போர்ட்டைச் சுருட்ட முடியாது, தட்டையான மரப்பெட்டியில்தான் அனுப்ப வேண்டும், அந்தச் செலவையும் சேர்த்துப் பாருங்கள்.

படம் யாரிடம் இருந்தாலும் பதிப்புரிமை உங்களுடையது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி அதற்குப் பதிவே தேவையில்லை, வரைந்த கணத்திலேயே உண்டாகிறது, உங்கள் ஆயுளும் அதற்குப் பிறகு 70 வருடமும் நிற்கும். வரைந்தவரின் பெயர் சொல்லப்பட வேண்டும் என்ற தார்மீக உரிமையும் அதில் உண்டு. ஒரு நாட்டுப் பதிப்புரிமையை மற்ற நாடுகளும் மதிக்க வேண்டும் என்ற பேர்ண் உடன்படிக்கையில் இலங்கையும் பிரித்தானியாவும் இருப்பதால் பதிப்புரிமை அங்கேயும் செல்லும். விற்பனை விளம்பரத்துக்காகப் படத்தைப் போடுவதைப் பிரித்தானியச் சட்டம் அனுமதிக்கிறது, அதில் சண்டைக்குப் போகாதீர்கள். அதை அச்சடித்துக் காலண்டரோ வாழ்த்து மடலோ விற்றால் கட்டாயம் போங்கள்.

வாங்கவும் முடியாமல் போனால், அளவுகோலும், நிறங்களைச் சரிபார்க்க உதவும் வர்ண அட்டையும் பக்கத்தில் வைத்து எடுத்த பெரிய தெளிவான படம் ஒன்றையாவது விற்பவரிடம் கேட்டு வாங்கிவிடுங்கள், வாங்குகிறவரிடம் உங்கள் கடிதத்தைச் சேர்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: அப்பா விளம்பரப் பலகையும் நாடகச் சீனும் (மேடைப் பின்திரை) வரைந்தவர், சஞ்சிகைகளுக்கும் அட்டைப்படம் போட்டவர். சுனாமியில் எல்லாம் போய்விட்டது. அவருடைய ஒன்றையாவது தேட வழி உண்டா?
— வாசகி, திருக்கோவில்

பதில்: தங்கச்சி, சீனும் பலகையும் கிடைப்பது அருமை. அட்டைப்படத்துக்கு நம்பிக்கை உண்டு, ஏனென்றால் அது ஆயிரம் பிரதியாக எத்தனையோ வீடுகளுக்குப் போயிருக்கும். 2005இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகத்தில் நமது சஞ்சிகைகள், கோயில் மலர்கள், பாடசாலை மலர்கள் ஏராளமாக ஸ்கேன் பண்ணி இலவசமாக வைத்திருக்கிறார்கள். அப்பா வேலை செய்த வருடங்களைக் குறித்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் திறந்து, அட்டையின் மூலைக் கையொப்பத்தையும் உள்ளே 'அட்டை ஓவியம்' என்ற வரியையும் பாருங்கள். பழைய படம் ஏதும் கையில் இருந்தால், படத்தைக் கொண்டே தேடுகிற கூகுள் லென்ஸில் முழுதாகவும் போடுங்கள், முகம் மட்டும் வெட்டியும் போடுங்கள். சொல்லால் தேடும்போது பிழையான பெயர்களாலும் தேட வேண்டும், மேலே ரீச்சரின் படம் 'தென்னிந்திய நடனம்' என்ற பெயரில்தானே கிடந்தது.

கேள்வி: ஓவியத்தில் கையொப்பம் தமிழில் போடுவதா ஆங்கிலத்தில் போடுவதா?
— மாணவர், கல்முனை

பதில்: முன்னால் உங்களுக்குப் பிடித்த மொழியில் போடுங்கள் தம்பி. பின்னால் இரண்டிலும் எழுதுங்கள்: முழுப்பெயர், ஊர், வருடம், தலைப்பு, எதில் எதால் வரைந்தது, அளவு. துணியில் என்றால் பேனா மை முன்பக்கம் ஊறிவிடும், ஆகவே சட்டத்தின் மரத்தில் எழுதுங்கள். கையை விட்டுப் போகும் முன் முன்னும் பின்னும் கைபேசியில் படம் எடுத்து, யாரிடம் எதற்குக் கொடுத்தீர்கள் என்று ஒரு கொப்பியில் குறித்து, கண்காட்சிக்கு என்றால் 'திருப்பித் தர வேண்டியது' என்று எழுதி அவர்களின் கையொப்பத்தையும் வாங்குங்கள். அந்தப் படங்களைப் போனில் மட்டும் வைக்காமல் வெளியூரில் இருக்கிற ஒருவருக்கும் அனுப்பிவிடுங்கள்.