அம்புக்குறி போட்ட வாட்ச்: வாசகர் கேள்வி – பதில்

போன இதழில், சர்வீஸுக்கு வந்த 1945-ஆம் ஆண்டுப் பிரிட்டிஷ் ராணுவ வாட்ச் ஒன்றைப் பற்றி எழுதியிருந்தேன். அதன் பின்மூடிக்குள், முன்பு பழுது பார்த்தவர்கள் ஊசியால் கீறிவைத்த குறிகளைப் பற்றி நான்கு வரிதான் சொன்னேன். வந்த கடிதங்களில் பாதி அந்த நான்கு வரியைப் பற்றியது. அதனால் இந்த முறை முழுப் பகுதியையும் பழைய வாட்சுகளுக்கே கொடுத்துவிட்டேன்.

கேள்வி: ஐயா, நேரம் பார்க்கக் கைப்பேசி இருக்கிறது. எழுபது, எண்பது வருடப் பழைய வாட்சைத் தேடிப்பிடித்துக் கட்டிக்கொள்வதில் அப்படி என்ன இருக்கிறது? (கல்லூரி மாணவர் ஒருவர்)

நேரம் பார்க்க மட்டும் என்றால் கைப்பேசியே போதும், தம்பி. நல்ல நிலையில் இருக்கும் பழைய சாவி கொடுக்கும் வாட்சே ஒரு நாளைக்குப் பத்து, இருபது விநாடி முன்னே பின்னே போகும். சாதாரண குவார்ட்ஸ் வாட்ச் அந்த அளவு தவற ஒரு மாதம் ஆகும்.

ஆனால் ஒரு முறை பின்மூடியைத் திறந்து பாருங்கள். அந்த ராணுவ வாட்ச் என் மேசைக்கு வந்தபோது ஓடவில்லை. எண்ணெய் காய்ந்து பசையாகியிருந்தது. எல்லாவற்றையும் பிரித்துக் கழுவி, சக்கர அச்சுகளைத் தாங்கும் குட்டிக் கற்களில் ஊசிமுனை அளவு எண்ணெய் வைத்து, மறுபடி பூட்டினேன். கடைசியாக, இப்படியும் அப்படியும் ஆடி நேரத்தை அளக்கும் சக்கரமான பேலன்ஸ் வீலை இறக்கிவைத்ததும், நான் தொடாமலே அது ஆட ஆரம்பித்தது. ஒரு விநாடிக்கு ஐந்து துடிப்பு, மணிக்கு 18,000, ஒரு நாளைக்கு 4,32,000. தலைமுடியைவிட மெல்லிய ஒரு சுருள் கம்பி விரிந்து சுருங்கி அத்தனையையும் செய்கிறது. நாற்பது வருடமாக இதே வேலைதான் செய்கிறேன். இன்றும் அந்த நொடியில் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பேன்.

பின்மூடிக்குள் மூன்று பேரின் குறிகள் இருந்தன. ஒருவர் மாதமும் வருடமும் மட்டும் கீறியிருந்தார்: 3.52. இன்னொருவர் ஏதோ ரசீது எண். மூன்றாவது கையெழுத்து மாதிரி ஒரு சுழி. மூவருமே முகம் தெரியாதவர்கள். ஆனால் ஒரு திருகாணியின் தலைகூடச் சிதையாமல் வேலை செய்திருந்தார்கள். அவர்கள் பத்திரமாக வைத்துப் போன பொருள்தான் எனக்குக் கிடைத்தது. எனக்கு இதில் இருக்கும் ஈர்ப்பு இதுதான். புது வாட்சில் இது கிடையாது, கிடைக்கவும் வழியில்லை.

கேள்வி: அந்த வாட்சின் டயலில் ஓர் அம்புக்குறி, பின்னால் மூன்று 'டபிள்யூ' என்று எழுதியிருந்தீர்களே, அவற்றுக்கு என்ன பொருள்?

அகன்ற அம்புக்குறி பிரிட்டிஷ் அரசாங்கச் சொத்து என்பதற்கான அடையாளம். பீரங்கியிலிருந்து போர்வை வரை எல்லாவற்றிலும் போடுவார்கள். மூன்று டபிள்யூ என்பது 'வாட்ச், ரிஸ்ட், வாட்டர்ப்ரூஃப்' என்பதன் சுருக்கம்.

இரண்டாம் உலகப்போரின்போது, படைவீரர்களுக்கான கைக்கடிகாரம் எப்படி இருக்க வேண்டும் என்று பிரிட்டன் ஒரு வரையறை வகுத்தது. கறுப்பு டயல், வெள்ளை எண்கள், இருட்டில் ஒளிரும் முட்கள், 15 கற்கள் கொண்ட இயந்திரம், நொறுங்காத கண்ணாடி, தண்ணீர் புகாத கேஸ் (வெளிக்கூடு). பன்னிரண்டு கம்பெனிகள் செய்து கொடுத்தன: ப்யூரன், சைமா, எட்டர்னா, க்ரானா, ஐடபிள்யூசி, ஜேகர் லெகூல்த்ர், லெமானியா, லாஞ்ஜீன்ஸ், ஒமேகா, ரெக்கார்ட், டிமோர், வெர்டெக்ஸ். இந்தப் பன்னிரண்டையும் ஒரு செட்டாகச் சேர்ப்பதையே வாழ்நாள் வேலையாக வைத்திருப்பவர்கள் உண்டு. க்ரானாதான் அவர்களைத் தவிக்கவிடும். மிகக் குறைவாகவே செய்யப்பட்டது.

எனக்கு அந்த அம்பைப் பார்க்கும்போதெல்லாம் வேறொன்று தோன்றும். கட்டியிருந்த வீரனுக்கு அது சொந்தமே இல்லை. கையெழுத்துப் போட்டு வாங்கி, கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டிய பொருள். மணிக்கட்டில் அவன் வியர்வை பட்டிருக்கும், குழியில் படுத்து அவன் அதைப் பார்த்துப் பார்த்து விடியலுக்குக் காத்திருந்திருப்பான். ஆனாலும் அது அவனுடையது ஆகவில்லை. அப்படிப்பட்ட வாட்சை இன்று ஒருவர் இன்னொருவருக்குப் பிரியமாகக் கொடுக்கும்போது, ஒருவேளை முதல் முறையாக அது ஒரு மனிதருக்குச் சொந்தமாகிறது.

கேள்வி: ஆண்கள் கைக்கடிகாரம் கட்டும் பழக்கமே போரால் வந்தது என்கிறார்களே, உண்மையா?

பெருமளவு உண்மை. அதற்கு முன்பும் கைக்கடிகாரம் இருந்தது, ஆனால் பெண்களின் நகை மாதிரி. ஆண் என்றால் சங்கிலி போட்ட பாக்கெட் கடிகாரம்தான். 1914 முதல் 1918 வரை நடந்த போர் அதை மாற்றியது. பதுங்குகுழியில் ஒரு கையில் ஆயுதம், மேலே கனத்த கோட்டு. பொத்தானைக் கழற்றி, சங்கிலியை இழுத்து, மூடியைத் திறந்து மணி பார்க்க முடியுமா?

அங்கே நிமிடம் பிசகினால் உயிர் போகும். பின்னாலிருந்து பீரங்கிகள் குறித்த நேரப்படி குண்டுமழையைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே நகர்த்தும், காலாட்படை அதன் பின்னாலேயே நடக்க வேண்டும். ஒரு நிமிடம் முந்தினால் சொந்தப் படையின் குண்டுக்கே பலி. அதனால் தாக்குதலுக்கு முன் எல்லோரும் நேரத்தைச் சரிசெய்துகொள்வார்கள். பாக்கெட் கடிகாரம் மாதிரியே இருக்கும் கேஸில் கம்பி வளையம் பற்றவைத்து, தோல்வார் கோத்து, கண்ணாடிக்கு மேல் உலோக வலை மாட்டிய அந்தக் கால வாட்சுகள் இன்றும் கிடைக்கின்றன. இரண்டாம் போரில் அமெரிக்கர்கள் பயன்படுத்திய ஏ-11 வகையில் (எல்ஜின், வால்தம், புலோவா செய்தவை) கிரவுனை (சாவி கொடுக்கும் பக்கவாட்டுக் குமிழை) இழுத்தால் விநாடி முள் நின்றுவிடும். பத்துப் பேரும் ஒரே விநாடியில் அமுக்கி ஓட்டலாம். இன்று பல வாட்சுகளில் இருக்கும் வசதிதான். அதை அமுக்கும்போது ஒரு கணம் அந்தப் பத்துப் பேரை நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் அப்பா ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்றவர். எழுபதாவது பிறந்தநாளுக்கு ஒரு பழைய ராணுவ வாட்ச் கொடுக்க ஆசை. எதைப் பார்த்து வாங்குவது? (ஒரு மகள்)

முதலில் அப்பாவின் கண்ணைப் பாருங்கள் அம்மா, பிறகு வாட்சைப் பாருங்கள். நாற்பதுகளின் ராணுவ வாட்சுகள் பெரும்பாலும் 32 முதல் 37 மில்லிமீட்டர் அகலம்தான். சில ஜெர்மன் விமானப்படை வாட்சுகள் 55 மில்லிமீட்டர். அது கோட்டுக் கைக்கு மேல் கட்டுவதற்கென்றே செய்தது, வீட்டில் கட்ட முடியாது. எண்கள் பளிச்சென்று தெரிய வேண்டும். அந்த வகையில் ராணுவ டயல்கள் வயதானவர்களுக்கு மிக வசதி. அலங்காரமே இல்லை, பார்த்ததும் மணி தெரியும்.

இரண்டாவது, விரல். தினமும் சின்னஞ்சிறு கிரவுனைத் திருக அவருக்கு முடியுமா? மூட்டுவலி இருந்தால் கை அசைவிலேயே சாவி ஏறும் ஆட்டோமேட்டிக் பாருங்கள்.

மூன்றாவது, வாங்கியதும் அப்படியே பொட்டலம் கட்டாதீர்கள். சர்வீஸ் செய்து, ஒரு வாரம் ஓடவிட்டுப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். பரிசாக வந்த வாட்ச் மூன்றாம் நாள் நின்றுபோய், கொடுத்தவர் மனம் நோகுமே என்று சொல்லாமல் வைத்திருந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஸ்ட்ராப் விஷயம் ஒன்று. பிரிட்டிஷ் ராணுவ வாட்சுகள் பலவற்றில், ஸ்ட்ராப் மாட்டும் கம்பி கேஸோடு சேர்ந்தே இருக்கும், கழற்ற வராது. ஸ்ட்ராப்பைப் பிடிக்கும் ஊசி தெறித்து வாட்ச் விழக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. அடியில் கோத்து எடுக்கும் ஒரே துண்டு நைலான் ஸ்ட்ராப் அதற்குப் பொருந்தும். 'நேட்டோ ஸ்ட்ராப்' என்று கேட்டால் கொடுப்பார்கள். 1973-இல் பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகம் வரையறுத்தது அது. யாராவது அந்தக் கம்பியை அறுத்து வேறு ஸ்ட்ராப் போட்டுத் தருகிறேன் என்றால் வாட்சைத் திருப்பி வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

கூடவே ஒரு தாளில், அந்த வாட்சைப் பற்றி உங்களுக்கு உறுதியாகத் தெரிந்ததை மட்டும் எழுதி வையுங்கள். பின்மூடி எண், வருடம், யார் செய்தது, எப்போது சர்வீஸ் ஆனது. விற்றவர் சொன்ன போர்க்களக் கதை எழுத வேண்டாம். ராணுவத்தில் இருந்தவருக்குப் பொய்க் கதை சட்டென்று தெரிந்துவிடும்.

கேள்வி: பழைய வாட்சில் ரேடியம் இருக்கும், ஆபத்து என்கிறார்கள். கட்டலாமா?

இருட்டில் ஒளிரும் எதையும் நாம் 'ரேடியம்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். இன்றைய பெரும்பாலான வாட்சுகளில் இருப்பது கதிரியக்கமே இல்லாத பூச்சு. ஆனால் 1960-களுக்கு முந்தைய பலவற்றில் இருப்பது நிஜமான ரேடியம். அதன் வீரியம் பாதியாகக் குறையவே 1,600 வருடம் ஆகும். 'இப்போதுதான் ஒளிர்வதில்லையே' என்று நினைக்காதீர்கள். ரேடியத்தோடு கலந்திருந்த துத்தநாக சல்ஃபைடு சோர்ந்துபோனதால் ஒளி நின்றிருக்கிறது, ரேடியம் அப்படியேதான் இருக்கிறது.

அமெரிக்காவில் நியூஜெர்சியின் ஆரஞ்ச் நகரத்தில் டயலுக்கு இந்தப் பூச்சு தீட்டிய இளம்பெண்களை, தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கிக்கொள்ளச் சொன்னார்கள். தாடை எலும்பு அரித்துப்போய்ப் பலர் இறந்தார்கள். ஐந்து பெண்கள் வழக்குப் போட்டார்கள், 1928-இல் சமரசம் ஏற்பட்டது. பழுப்பேறிய அந்த எண்களைப் பார்க்கும்போது எனக்கு அவர்கள் நினைவு வராமல் இருந்ததில்லை.

மூடிய வாட்சைக் கையில் கட்டுவதில் பெரிய ஆபத்து இல்லை. ஆபத்து தூளில்தான். உதிர்ந்த பூச்சு மூச்சிலோ வாயிலோ போகக் கூடாது. எனவே வீட்டில் திறக்காதீர்கள், சுரண்டாதீர்கள், குழந்தை கையில் கொடுக்காதீர்கள். கண்ணாடி விரிசல் விட்டிருந்தால் கட்டாதீர்கள். ரேடியத்திலிருந்து ரேடான் என்ற வாயு கசியும். நிறையச் சேர்த்து வைத்திருப்பவர்கள் காற்றோட்டமான இடத்தில் வைக்கட்டும், படுக்கையறையில் வேண்டாம். டயலில் வட்டத்துக்குள் 'டி' என்ற எழுத்து இருந்தால் அது ட்ரிட்டியம். அதற்குப் பன்னிரண்டு வருடத்தில் பாதி போய்விடும், அறுபதுகளின் வாட்ச் என்றால் இன்று பேருக்குத்தான் மிச்சம்.

கேள்வி: தாத்தாவின் வாட்ச் டயலில் புள்ளிகள், கேஸில் கீறல்கள். புதிதுபோல் ஆக்கித் தம்பிக்குப் பரிசளிக்க நினைக்கிறேன். சரியா?

வேண்டாம். கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன், வேண்டாம்.

தொழில் கற்ற புதிதில் என் அப்பாவின் வாட்சை அவருக்குத் தெரியாமல் பாலிஷ் போட்டேன். கண்ணாடி மாதிரி பளபளவென்று கொண்டுபோய் நீட்டினேன். அவர் திருப்பிப் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். அங்கே அம்மா திருமணத்தின்போது பொறித்துக் கொடுத்த இரண்டு எழுத்துகள் இருந்தன. ஏற்கெனவே தேய்ந்திருந்தவை, என் சக்கரத்தில் முழுதும் போய்விட்டன. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அதைக் கட்டிக்கொண்டார், அவ்வளவுதான். பிறகும் அவர் கட்டைவிரல் அந்த இடத்துக்குப் போவதைப் பல வருடம் பார்த்திருக்கிறேன்.

உலோகத்தைத் தேய்த்தால் விளிம்பு மழுங்கும், எழுத்து போகும், திரும்பி வராது. டயலுக்கு மறுவண்ணம் அடித்தால் மதிப்பும் விழும், முகமும் மாறும். இயந்திரத்தைச் சுத்தம் செய்யுங்கள், பிளாஸ்டிக் கண்ணாடியின் கீறலைத் தேய்த்து எடுக்கலாம், ஸ்ட்ராப் மாற்றலாம். மற்றதை விட்டுவிடுங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. பிரிட்டிஷ் ராணுவமே பின்னாளில் பல ரேடியம் டயல்களைக் கழற்றிவிட்டு வேறு டயல் மாட்டியது. கம்பெனிப் பெயர் இல்லாமல் அம்பும் எண்ணும் மட்டும் இருந்தால் உடனே போலி என்று தள்ளிவிடாதீர்கள்.

கேள்வி: போர்க்கைதிகளுக்கு வாட்ச் அனுப்பியதாக ஒரு கதை உண்டாமே?

நடந்ததுதான். ஜெர்மானிய முகாம்களில் கைதியாக இருந்த பிரிட்டிஷ் அதிகாரிகளின் வாட்சுகளைப் பறித்துவிடுவார்கள். ரோலெக்ஸ் நிறுவனர் ஹான்ஸ் வில்ஸ்டார்ஃப், கைதிகள் கடிதம் எழுதிக் கேட்டால் வாட்ச் அனுப்பினார், பணத்தைப் போர் முடிந்த பிறகு தந்தால் போதும் என்று. 1943-இல் ஸ்டாலாக் லுஃப்ட் 3 முகாமிலிருந்து க்ளைவ் நட்டிங் என்பவர் இப்படி ஒன்று வாங்கினார். நீ பிழைத்து வருவாய் என்று ஒரு கைதிக்கு வேறு எப்படிச் சொல்ல முடியும்?

கேள்வி: என் பழைய வாட்ச் திடீரென்று ஒரு நாளைக்குப் பல நிமிடம் வேகமாக ஓடுகிறது. கெட்டுப்போய்விட்டதா?

பெரும்பாலும் காந்தம் ஏறியிருக்கும். ஸ்பீக்கர் பக்கத்திலோ காந்த மூடியுள்ள கைப்பேசி உறை மேலோ வைத்தீர்களா? சுருள் கம்பியின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் வேகம் கூடும். காந்தம் நீக்க ஒரு நிமிட வேலைதான். விமானத்தில் இந்தத் தொல்லை அதிகம் என்பதால்தான் 1948-இல் வந்த 'மார்க் 11' விமானப்படை வாட்சில், இயந்திரத்தைச் சுற்றி மெல்லிரும்புக் கூடு வைத்தார்கள்.

கேள்வி: 'வாட்டர்ப்ரூஃப்' என்று பொறித்திருக்கிறது. மழையில் கட்டலாமா?

கூடாது. அந்த வார்த்தை பொறிக்கப்பட்டபோது இருந்த ரப்பர் வளையம் இன்று இல்லை.

கேள்வி: என் கணவரின் வாட்சைப் பேரனுக்குக் கொடுக்க ஆசை. அவனுக்குப் பத்து வயதுதான். பெரியவனாகும் வரை பூட்டி வைக்கவா? (ஒரு பாட்டி)

பூட்டி வைக்காதீர்கள் அம்மா. கடிதத்தில் நீங்கள் குறிப்பிட்டிருந்த மாடல் எழுபதுகளில் வந்தது, ரேடியம் பயம் இல்லை. வாட்ச் உங்களிடமே இருக்கட்டும், சாவி கொடுக்கும் வேலையை மட்டும் இப்போதே அவனிடம் கொடுங்கள்.

தினமும் காலையில் ஒரே நேரத்தில். கையில் கட்டிக்கொண்டு திருக வேண்டாம், கிரவுனின் தண்டு கோணலாகும். கழற்றி இடது உள்ளங்கையில் வைத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து மெதுவாகத் திருகட்டும். முதலில் சும்மா சுற்றுவது போல இருக்கும். முப்பதாவது திருகு நெருங்கும்போது கொஞ்சம் கனக்கும். அப்புறம் விரலை லேசாகத் தடுக்கும். அங்கே நிறுத்திவிடச் சொல்லுங்கள்.