வாசகர் கேள்வி – பதில்: தாய் சி நடையும் தடுமாறும் கால்களும்

கேள்வி: என் அம்மாவுக்கு 64 வயது. முப்பது வருடங்களுக்கு மேல் கொழுந்து பறித்தவர். போன மழைக்காலத்தில் எங்கள் லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசலிலிருந்து தண்ணீர்ப் பீலிக்கு இறங்கும் படியில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை. ஆனால் அன்றிலிருந்து நிலத்தையே பார்த்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்து நடக்கிறார். தாய் சி நடைப்பயிற்சி சமநிலைக்கு நல்லது என்று ஒரு காணொளியில் பார்த்தேன். அம்மாவுக்கு அது பொருந்துமா?
— வாசகி, பொகவந்தலாவை

பதில்: பொருந்தும், சகோதரி. ஆனால் அதற்கு முன் அம்மாவை ஒருமுறை கிளினிக்குக்கு அழைத்துச் சென்று கண் பார்வையையும், படுத்து எழும்போது இரத்த அழுத்தம் குறைகிறதா என்பதையும், அவர் எடுக்கும் மாத்திரைகளையும் வைத்தியரிடம் காட்டிவிடுங்கள். தலைச்சுற்றலால் விழுந்தவருக்கு நடைப்பயிற்சி மட்டும் போதாது.

தாய் சி சீனாவின் ஹெனான் மாகாணத்துச் சென் குடும்பத்தாரின் கிராமத்தில் 17ஆம் நூற்றாண்டளவில் உருப்பெற்ற தற்காப்புக் கலை என்பது பெரும்பாலோர் ஏற்கும் வரலாறு. முதியோர் விழுவதைத் தடுக்கும் பயிற்சிகளைப் பற்றி 2019இல் வெளியான, பல மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் கொக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு, தாய் சி விழும் தடவைகளை ஏறத்தாழ 19 சதவீதம் குறைக்கக்கூடும் என்கிறது. இது மாயமருந்து அல்ல. ஆயினும் செலவில்லாத ஒரு பயிற்சிக்கு இது சிறிய பயனும் அல்ல.

இஸ்தோப்பின் (முன்திண்ணையின்) சீமெந்துத் தரை ஈரமில்லாமல் இருக்கும் நேரத்தில், சுவரோரமாக அம்மாவை நிறுத்துங்கள். பாதங்களுக்கிடையே இடுப்பளவு இடைவெளி இருக்கட்டும். முழங்கால்கள் சற்றே தளரட்டும். முதலில் உடற்பாரம் முழுவதையும் வலக்காலுக்கு மாற்ற வேண்டும். இடக்கால் வெறுமையானதும் அதை மெல்ல முன்னே கொண்டுபோய்க் குதிகாலை மட்டும் தரையில் தொடவைக்க வேண்டும். இந்த இடத்தில் ஒரு சோதனை உண்டு: உடல் சாயாமல் அந்தக் காலைத் திரும்பப் பின்னுக்கு எடுக்க முடிகிறதா? முடிந்தால் அடி சரி. முடியாவிட்டால் பாரம் முந்திக்கொண்டது என்று பொருள், அடியைச் சிறிதாக்குங்கள். பிறகு பாதம் முழுவதும் படிய, பாரம் மெதுவாக முன்காலுக்கு வர வேண்டும். முழங்கால் பாதம் நோக்கும் திசையிலேயே வளைய வேண்டும், விரல் நுனியைத் தாண்டக் கூடாது. பார்வை நேரே இருக்கட்டும். மூச்சை அடக்க வேண்டாம்.

மெதுவாகச் செய்வதில்தான் பயன் இருக்கிறது. வேகமாக நடக்கையில் முன்னோக்கிய உந்தமே நம்மைத் தாங்கிக்கொண்டு போய்விடுகிறது. மெதுவாக நடக்கையில் ஒற்றைக் கால் உடலைச் சுமந்தாக வேண்டியிருப்பதால் தொடையும் கணுக்காலும் வலுப்படுகின்றன. படி இறங்கும்போது பின்காலின் தொடைத் தசைதான் நம்மைப் பிடித்து இறக்குகிறது என்பதால், அம்மாவுக்கு மிகவும் தேவைப்படுவதும் இதுவே. கூடையைத் தலைக்கயிற்றில் சுமந்துகொண்டு சரிவில் இறங்கிய காலத்தில், அடுத்த கால் நிலைத்த பின்பே பாரத்தை விடும் வித்தை அவரிடம் இருந்திருக்கும். விழுந்த அச்சத்தில் உடல் இறுகி, அது மறைந்துபோயிருக்கிறது. புதிதாக ஒன்றைக் கற்பிப்பதைவிட, இருந்ததை மீட்பதாகவே இப்பயிற்சியை நான் பார்க்கிறேன். இதை அம்மாவிடமும் சொல்லுங்கள், அவருக்குத் தைரியம் வரும்.

நாளுக்குப் பத்து நிமிடம் போதும். முதல் வாரங்களில் நீங்கள் அருகில் நில்லுங்கள். முழங்கால் வலித்தால் வளைவைக் குறைக்க வேண்டும். ஒன்றை மறக்க வேண்டாம்: குதிகாலை முதலில் ஊன்றும் முறை காய்ந்த சமதரைக்கு மட்டுமே உரியது. ஈரமான மண்பாதையில் குதிகால் வழுக்கும். அங்கே பாதம் முழுவதையும் பதித்து, சற்றுப் பக்கவாட்டாகத் திரும்பி, தடி ஊன்றி இறங்குவதே நல்லது. தேய்ந்த ரப்பர் செருப்பை இன்றே மாற்றிவிடுங்கள்.

கேள்வி: நீரிழிவினால் என் பாதங்கள் மரத்துப்போயிருக்கின்றன. நானும் தாய் சி நடை பழகலாமா?
— வாசகர், பண்டாரவளை

பதில்: பழகலாம், ஆனால் வெறுங்காலுடன் வேண்டாம். தரை தட்டுப்படுவதைப் பாதம் சரியாக உணர்த்தாததால் கண்ணே துணை. ஆகவே நல்ல வெளிச்சத்தில், உறுதியான மேசையையோ சுவரையோ ஒரு கையால் தொட்டபடி, பொருத்தமான சப்பாத்து அணிந்து பழகுங்கள். முடிந்ததும் உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் பாருங்கள். கொப்புளமோ சிவப்போ தெரிந்தால் அது ஆறும்வரை பயிற்சியை நிறுத்தி, வைத்தியரிடம் காட்டுங்கள்.